அருக்காணி: கொங்கு நாட்டுப் பெண்பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், கரூர், நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஏதாவது ஒன்றில், ரேஷன் கடை வரிசையைப் பார்த்து "அருக்காணி" என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். இருவருக்கும் அறுபது வயது தாண்டியிருக்கும். அவர்களின் பேத்திகள் படிக்கும் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. இந்தப் பெயரைப் பற்றிப் பேத்திகளும், பிள்ளைக்குப் பெயர் தேடுகிற இளம் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அருக்காணி என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர். ஆகவே நடுநிலையோடு எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

அருக்காணி என்றால் என்ன பொருள்?

அருமை. பழைய தமிழ் அகராதிகள் தரும் பொருள் இதுதான். எளிதில் கிடைக்காதது, கிடைத்தபின் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வது. தவமிருந்து பெற்ற பிள்ளையை "அருக்காணியாக வளர்த்தோம்" என்று சொல்லும் வழக்கு ஊர்ப்பக்கம் இருந்தது. அந்தச் சொல்லையே பெண்குழந்தைக்குப் பெயராக வைத்தார்கள்.

பெண் பிறந்தால் முகம் சுளித்த காலம் ஒன்று இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. "போதும் பொண்ணு" என்று பெயர் வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தன. அதே காலத்தில் தன் மகளை "அருமையானவள்" என்று நாள் முழுக்கக் கூப்பிட்ட வீடுகளும் இருந்தன என்பதற்கு இந்தப் பெயர் சாட்சி.

அரு + காணி, அதாவது "அரிய நிலம்" என்று சிலர் பிரிக்கிறார்களே?

கேட்க நன்றாக இருக்கிறது. காணியும் தோட்டமும் உயிராக இருக்கும் ஊரில் அப்படி ஒரு விளக்கம் பிறப்பது இயல்புதான். ஆனால் புணர்ச்சி இடம் கொடுக்காது. அருமை என்ற பண்புச்சொல்லோடு ககரம் சேர்ந்தால் இடையில் "ங்" வரும்: அருங்கலை, அருங்காட்சியகம், அருங்குணம். அந்த வழியில் போனால் "அருங்காணி" என்றுதான் ஆக வேண்டும். "க்" இரட்டித்திருப்பதே இது வேறு வழியில் வந்த சொல் என்று காட்டுகிறது. அருக்கன் என்ற சூரியப் பெயரோடு முடிச்சுப் போடுவதற்கும் ஆதாரம் இல்லை.

இந்தப் பெயர் கொங்கு நாட்டில் இவ்வளவு பரவியது எப்படி?

அண்ணன்மார் சுவாமி கதையால். பொன்னர் சங்கர் கதை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதும், குன்னுடையாக் கவுண்டர் கதை என்று பெரியவர்கள் சொல்வதும் இதையேதான். அந்த அண்ணன்மாரின் தங்கை பெயர் அருக்காணி. பாட்டுக்காரர்கள் அவளை அருக்காணி நல்லதங்காள் என்பார்கள். பாதி நேரம் வெறுமனே தங்காள்.

இது ஏட்டிலிருந்து வாசிக்கப்பட்டு வந்த கதை இல்லை. கோயில் திடலில் இரவெல்லாம் உடுக்கையடித்துப் பாடி, இடையிடையே வசனம் சொல்லி, அடுத்த இரவு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பல இரவுகள் நடக்கும். 1960களில் இங்கே வந்து தங்கிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பகுதிப் பாடகர்களின் பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதற்குப் பிறகுதான் வெளியுலகம் இதைக் காப்பியம் என்று அழைக்கத் தொடங்கியது. கொங்கு நாட்டுக் குழந்தைகளோ தாயின் மடியில் அரைத்தூக்கத்தில் கேட்டே இதை மனப்பாடம் செய்திருந்தார்கள். அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள் தங்களுக்குப் பெண் பிறந்தபோது தங்காளின் பெயரை வைத்ததில் என்ன வியப்பு?

கதையில் அருக்காணி யார், என்ன செய்கிறாள்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கதையைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் எல்லாம் இரண்டு அண்ணன்களின் வீரத்தோடு முடித்துக்கொள்கிறார்கள்.

குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரை நாச்சியாருக்கும் நெடுங்காலம் பிள்ளை இல்லை. பங்காளிகளின் பகை ஒரு பக்கம், ஊரார் பேச்சு ஒரு பக்கம். தாமரை தவம் கிடந்து வரம் பெறுகிறாள். பொன்னர், சங்கர் என்று இரண்டு ஆண்கள், அவர்களோடு ஒரு பெண். ஆண் வாரிசு பிறந்தால் கொன்றுவிடப் பங்காளிகள் சூழ்ச்சி செய்திருப்பதால் பையன்களை மறைவிடத்தில் வளர்க்க வேண்டியிருக்கிறது. பெண்குழந்தை மட்டும் தாயின் கண்ணெதிரே வளர்கிறது.

பெற்றவர்கள் போனபின் மூவரும் ஒருவருக்கொருவர் எல்லாமுமாக இருக்கிறார்கள். வீரமலைக் காட்டுக் கிளிகள் வேண்டும் என்று தங்கை ஆசைப்படுகிறாள். அண்ணன்மார் வலை வீசுகிறார்கள். ஜோடியில் ஒன்று அகப்படுகிறது, மற்றது தப்பிப் போய் வேட்டுவர் நாட்டில் முறையிடுகிறது. அதிலிருந்து பகை மூள்கிறது. கொம்பன் என்ற காட்டுப்பன்றி வந்து வயலை அழிக்கிறது. பன்றி வேட்டை போரில் முடிகிறது. நடக்கப்போவது தங்காளுக்கு முன்பே கனவில் தெரிந்துவிடுகிறது. போக வேண்டாம் என்று தடுக்கிறாள். அவர்கள் கேட்கவில்லை.

இதற்குப் பிறகுதான் கதை அருக்காணியின் கைக்கு வருகிறது. அண்ணன்மார் களத்தில் மாண்ட செய்தி கேட்டவள் அரண்மனையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. ஆள் துணை இல்லாமல் வனத்துக்குள் நடக்கிறாள். மரத்தையும் பறவையையும் பார்த்து "என் அண்ணன்மாரைக் கண்டீர்களா" என்று கேட்டுக்கொண்டே போகிறாள். உடுக்கையின் ஓசை இந்த இடத்தில் தணிந்துவிடும். பாட்டுக்காரர் ஒப்பாரி ராகத்துக்கு மாறுவார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தவர்கள் எழுந்து ஓரமாகப் போய்விடுவதும் உண்டு.

தவத்தில் இருக்கும் பெரியகாண்டியம்மனைத் தங்காள் அடைகிறாள். அம்மன் அருளால் படுகளத்தில் கிடக்கும் அண்ணன்மாரைக் கண்டுபிடித்து எழுப்புகிறாள். அவர்கள் கண் விழித்துப் பேசுகிறார்கள், பிறகு விடைபெற்றுத் தெய்வமாகிறார்கள். அண்ணன்மார் வாளால் சாதித்ததைப் பாடும் கதை, செத்தவரை எழுப்பும் ஆற்றலைத் தங்கைக்குத்தான் கொடுத்திருக்கிறது. இந்தக் கதையின் மையம் அவள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

படுகளம் இன்றும் நடக்கிறதா?

நடக்கிறது. அண்ணன்மார் களத்தில் விழுந்ததையும் தங்காள் எழுப்பியதையும் நிகழ்த்திக் காட்டும் சடங்குக்கும் படுகளம் என்றே பெயர். திருச்சி மாவட்டம் மணப்பாறைக்கு அருகில் உள்ள வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் கோயில் மாசித் திருவிழா இதற்குப் பெயர் பெற்றது. அதில் குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படும் வேடபரி நிகழ்ச்சிக்குக் கொங்குப் பகுதியிலிருந்து ஏராளமானோர் போகிறார்கள். பல ஊர்களில் அண்ணன்மார் கோயில் திடலிலேயே படுகளம் போடுவதும் உண்டு. அருள் வந்தவர்கள் களத்தில் விழுந்து கட்டையாகக் கிடப்பார்கள். தங்காளாக நிற்பவர் தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார். வாய்ப்பிருந்தால் ஒரு முறை நேரில் பாருங்கள். அருக்காணி என்ற பெயரை அதற்குப் பிறகு யாராவது கேலியாகச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வராது.

அருக்காணி நல்லதங்காளும், ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காளும் ஒருவரா?

இல்லை. இந்தக் குழப்பம் கொங்கு நாட்டிலேயே பலருக்கு இருக்கிறது.

கிணற்றில் விழுந்த நல்லதங்காள் தென்பாண்டிச் சீமைக்குரியவள். பஞ்சத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டுகிறாள். மானம் பொறுக்காமல் பிள்ளைகளைத் தள்ளித் தானும் விழுகிறாள். அவளுக்குக் கோயில் இருப்பது விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில்.

கொங்கு நாட்டுத் தங்காளோ மணமாகாதவள். இரண்டு கதையும் அண்ணன் தங்கைப் பாசத்தைப் பேசுகின்றன, பெயரும் ஒன்றாக இருக்கிறது. தாராபுரம் பகுதியில் நல்லதங்காள் ஓடை என்று ஓர் ஓடை இருக்கிறது, அதன் குறுக்கே அணையும் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு இங்கேதான் அந்தக் கிணறு என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

அண்ணன் தங்கை உறவுக்குக் கொங்கு நாட்டில் இவ்வளவு இடம் ஏன்?

திருமணத்தைப் பாருங்கள். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று இருக்கிறது. மணமகனும் அவனுடைய உடன்பிறந்தாளும் சேர்ந்து நின்று செய்துகொள்ளும் சீர் அது. மணப்பெண் கட்டவிருக்கும் கூறைப்புடவையைக் கொண்டு அண்ணனையும் தங்கையையும் முதலில் இணைக்கிறார்கள். புதிதாக ஒருத்தி வரப்போகும் வேளையில், பிறந்தவளுக்கு இந்த வீட்டில் உள்ள உரிமை போய்விடவில்லை என்று சபையறியச் சொல்லும் சடங்கு. கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குச் சித்தப்பன், பெரியப்பன் மகளை அழைத்து நிறுத்துவார்கள், சீர் நிற்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கும் பெரியவர்களுக்கு அருமைக்காரர், அருமைக்காரி என்று பெயர். அருமை என்பது கொங்கு நாட்டில் சும்மா பாராட்டுச் சொல் இல்லை. சீர் செய்யத் தகுதி பெற்றவர்களைக் குறிக்கும் சொல். அதே பொருள் கொண்ட பெயரை வீட்டுப் பெண்ணுக்கு வைத்தவர்கள் அதன் கனம் தெரிந்தே வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

இது ஒரே சாதியின் பெயரா?

இல்லை. கதை வேளாளக் கவுண்டர் குடும்பத்தைச் சுற்றி நடக்கிறது என்பதால் அப்படி ஓர் எண்ணம் இருக்கிறது. ஆனால் உடுக்கைப் பாட்டைத் திடலில் கேட்டவர்கள் எல்லாச் சாதியினரும்தான். ஊராட்சி ஒன்றியத்தின் நூறு நாள் வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் எல்லாத் தெருக்களிலும் அருக்காணிகள் இருப்பார்கள்.

எந்தத் தலைமுறையோடு இந்தப் பெயர் குறைந்தது?

இன்று பாட்டி வயதில் இருப்பவர்களோடு. அவர்களின் மகள்களிடம் சாந்தி, தனலட்சுமி, சரசுவதி, மகேஸ்வரி போன்ற பெயர்கள் வந்தன. பேத்திகளிடம் ஷ, ஸ, ஹ இல்லாத பெயரே அரிதாகிவிட்டது.

காரணம் ஒன்றில்லை. முன்பு பெயர் வைப்பது தேடுகிற வேலையாக இருக்கவில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைத்தார்கள். அப்பத்தாள் அருக்காணி என்றால் முதல் பேத்தியும் அருக்காணி. பெயர் சொல்லி மருமகள் தன் மகளைக் கூப்பிட முடியாது, மாமியார் பெயராயிற்றே! ஆகவே "அம்மிணி", "கண்ணு" என்று செல்லப்பெயரில் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போன பிறகுதான் சில பெண்களுக்குத் தங்கள் பெயர் அருக்காணி என்றே தெரியும். பெயர்ப் புத்தகமும் சோதிடரின் எழுத்தும் வந்தபின் அந்தச் சங்கிலி அறுந்தது. உடுக்கைப் பாட்டு நடக்கும் இரவுகள் குறைந்ததால் பெயரை நினைவூட்டவும் ஆள் இல்லை. மூன்றாவது காரணம் சினிமா. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

"அருக்காணி" என்பது கேலிச்சொல்லாக மாறியது எப்படி?

பல ஆண்டுகளாகத் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளில் எண்ணெய் வழியும் தலையும் இரட்டைச் சடையும் விவரமில்லாத பேச்சுமாக ஒரு கிராமத்துப் பெண் வந்தால் அவளுக்கு வைக்கத் தயாராக இருந்த பெயர்களில் ஒன்று அருக்காணி. நகரத்துக் கல்லூரிகளில் அலங்காரம் செய்துகொள்ளாத பெண்ணை "அருக்காணி மாதிரி இருக்கிறாள்" என்று சொல்லும் வழக்கமும் இப்படித்தான் பரவியது. கொங்குத் தமிழின் "ஏனுங்க" சிரிப்புக்கு ஆனதும் இதே போக்கில்தான்.

பாரி மகளிர் என்று மரபு சொல்லும் அங்கவை, சங்கவை பெயர்களை 2007 இல் வந்த ஒரு பெரிய படம் கேலிக்குப் பயன்படுத்தியபோது தமிழ் ஆர்வலர்களிடமிருந்து கண்டனம் எழுந்தது. சங்க இலக்கியத்தோடு தொடர்புள்ள பெயர்களுக்குக் கேட்க ஆள் இருந்தது. வாய்மொழிக் காப்பியத்தின் நாயகிக்கு அப்படி ஒரு குரல் எழவில்லை. ஏட்டில் இருப்பது மட்டும்தான் இலக்கியம் என்று நினைத்துக்கொண்டதன் விளைவு இது. எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

கல்லூரி விடுதியில் தன் அம்மாவின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு "ராணி" என்று எழுதிக் கொடுத்த பெண் ஒருவரை எனக்குத் தெரியும். குற்றம் அவரிடம் இல்லை.

அருக்காணியா, அறுக்காணியா? எது சரி?

அருக்காணி. இடையின "ரு", டண்ணகர "ணி". அருமையோடு உறவுள்ள சொல் என்பதால் வல்லின "று" வராது. "அறு" என்றால் வெட்டு என்றாகிவிடும்.

ஆனாலும் வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் அட்டையிலும் "அறுக்காணி", "அருக்கானி", "அறுக்காணியம்மாள்" என்று எல்லா வடிவமும் கிடைக்கும். எங்கள் அம்மாயிக்குச் சீராகக் கொடுத்த எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று வீட்டில் இருக்கிறது. மூடிக்குக் கீழே கழுத்துப் பகுதியில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து: முதலில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பிறகு "அறுக்காணி". பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர் காதில் விழுந்தபடி குத்தியிருக்கிறார். "ணி"யின் கடைசிச் சுழிக்கு இடம் போதாமல் பிடி ஒட்டிய இடத்தில் போய் முட்டுகிறது. அந்தப் போசியில் இருப்பதைப் பார்த்தே பள்ளிச் சான்றிதழிலும் எழுதிவிட்டார்களாம். அம்மாயி கையெழுத்துப் போடும்போது கடைசிவரை "று"தான்.

ஆகவே ஆவணத்தில் ஏற்கெனவே "று" இருப்பவர்கள் அதற்காகச் சிரமப்பட வேண்டாம். எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் போகும்போது ஆதாரில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று என்று இருந்தால்தான் அலைச்சல். புதிதாகப் பெயர் வைப்பவர்கள் "ரு" போடுங்கள்.

அதே கதையிலிருந்து வேறு பெண்பெயர்களும் வந்திருக்கின்றனவா?

வந்திருக்கின்றன. தாய் தாமரை, பொன்னர் சங்கரின் மனைவியர் முத்தாயி, பவளாயி. முத்தாயி, பவளாத்தாள், பவளக்கொடி, தங்காயி, தங்காள் என்ற பெயர்கள் அந்தத் தலைமுறையில் உண்டு. ஆண்களில் பெரியண்ணன், சின்னண்ணன். இவற்றில் தாமரை மட்டும் இன்றைய காதுக்கும் இனிமையாக இருப்பதால் தப்பித்துக்கொண்டது.

பழனியாத்தாள், ராமாத்தாள், செல்லாத்தாள் போன்ற பெயர்களும் அருக்காணியும் ஒரே வகையா?

காலம் ஒன்று, வகை வேறு. "ஆத்தாள்" சேர்ந்து வரும் பெயர்கள் பெரும்பாலும் தெய்வத்தைக் குறித்தவை: பழனியாத்தாள் பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவள், செல்லாத்தாள் செல்லாண்டியம்மன் பெயர் கொண்டவள், மாராத்தாள் மாரியம்மன் பெயர் கொண்டவள். குலதெய்வத்துக்கு முடி இறக்கிக் காது குத்தும்போதே பெயரும் முடிவாகிவிடும். பாப்பம்மாள், பாவாயி, மயிலாத்தாள் போன்றவை செல்லம் கலந்தவை. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நூறு வயது தாண்டியும் இயற்கை விவசாயம் செய்து, 2021 இல் பத்மஸ்ரீ பெற்று, 2024 இல் மறைந்த பாப்பம்மாளுக்கு ரங்கம்மாள் என்ற பெயரும் இருந்தது. நாடு முழுக்க அறிந்தது வீட்டுப் பெயரைத்தான்.

அருக்காணி மனிதப் பெண்ணின் பெயராகத் தொடங்கித் தெய்வத்தின் பெயரானது. அண்ணன்மார் கோயில்களில் குதிரையேறிய அண்ணன்மாருக்குப் பக்கத்தில் தங்காளுக்கும் இடம் உண்டு.

சோகம் நிறைந்த கதைப் பெயரைப் பெண்ணுக்கு வைக்கலாமா?

பெரியவர்கள் சிலர் தயங்குவது உண்மை. சீதை, கண்ணகி, தமயந்தி என்று பெயர் வைக்கத் தயங்காதவர்கள் அருக்காணிக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? துக்கம் வந்தபோது எழுந்து நடந்தவள் அவள். என் மகளுக்கு அந்தக் குணம் இருந்தால் நான் மகிழ்வேன்.

எங்கள் குலதெய்வம் அண்ணன்மார் இல்லை. நாங்கள் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். தடை எதுவும் கிடையாது.

நட்சத்திர எழுத்துப்படி யாருக்குப் பொருந்தும்?

பஞ்சாங்க முறையில் "அ" கார்த்திகை நட்சத்திரத்தின் முதல் பாதத்துக்குரிய எழுத்து. எழுத்துப் பார்க்கிறவர்கள் அந்தக் கணக்கைப் பின்பற்றலாம். பார்க்காதவர்களுக்கு எந்த நாளும் நல்ல நாள்.

முழுப் பெயராக வைக்கத் தயக்கமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

இரட்டைப் பெயராக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்: தாமரை அருக்காணி, அருக்காணி தங்கம் என்ற முறையில். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று வைப்பதை நான் விரும்பவில்லை. பாட்டியைச் சமாதானப்படுத்த வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர் அந்தப் பாட்டியோடு போய்விடும். சான்றிதழில் ஏறிய பெயர்தான் நிற்கும்.

பிறப்புச் சான்றிதழில் பெயரை எப்போது சேர்க்க வேண்டும்?

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 இன்படி பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அப்போது பெயர் முடிவாகியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆகவே குடும்பத்தில் பேச்சு முடியவில்லை என்றால் அவசரப்பட்டு ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். தமிழ் வடிவத்தை நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் "ரு"வையும் "ணி"யையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

எனக்கே அருக்காணி என்று பெயர். அலுவலகத்தில் சங்கடமாக இருக்கிறது. மாற்றிக்கொள்ளலாமா?

உங்கள் பெயர், உங்கள் உரிமை. தமிழ்நாட்டில் பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடும் நடைமுறை இருக்கிறது. எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை அதைக் கவனிக்கிறது. அரசிதழில் வந்தபின் ஆதார், வங்கி, பான் அட்டை என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பழைய பெயரிலேயே இருக்கும் என்பதால் அரசிதழ்ப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை யாராவது சிரித்தால் அந்தக் கதையை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்: கிளி, கனவு, வனம், படுகளம். ஐந்து நிமிடம் போதும். அப்படிச் சொல்லிப் பார்த்த பெண்கள் சிலர் விண்ணப்பத்தைக் கைவிட்டிருக்கிறார்கள். அதன் பிறகும் மாற்றத்தான் தோன்றுகிறது என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். தங்காள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.